மருமகன் பிடித்த மூலை

மகளின் கலியாணத்துக்காக, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழுச் செய்யும் இடத்துக்கு டைல்ஸ் பதித்தோம். "வெளிமூலைக்கு விளிம்பை மூடுற பீடிங் வைப்பமா ராத்தா?" என்று மேசன் பாஸ் கேட்டார்.

"வேணாம், ஓரத்தைச் சரிச்சு வெட்டி ஒட்டுங்க. அதுதான் வடிவு" என்றேன்.

கலியாணத்துக்கு மறுநாள் பகல், புது மருமகன் கரண்டியால் சோறு சாப்பிட்டார். என் கறி பிடிக்கவில்லையோ என்று நொந்துபோனேன். "கையால சாப்பிடுங்க மகன்" என்றதும் வலது கையை ஒளித்தார்.

மகள்தான் சொன்னாள்: "ஒத்தக்கால்ல நிண்டு மற்றக் காலைக் கழுவக்குள்ள வுழுச் செய்ற இடத்து மூலையைப் பிடிச்சிருக்கார் உம்மா. டைல்ஸ்ட கூர் விளிம்பு கையை வெட்டிட்டு. உங்களுக்குச் சொல்லவேணாமாம்."

அன்றே மூலை டைல்ஸைக் கழற்றி பீடிங் வைக்கச் செய்தேன்.

இப்போது எந்தப் புது மூலையையும் ஒற்றைக்காலில் நின்று பிடித்துப் பார்த்த பிறகே வடிவு என்கிறேன். "விழுந்திடுவீங்க மாமி" என்று மருமகன் மறுகையைப் பிடித்துக்கொள்வார்.