டான்ஸ் ஃப்ளோரில் கேட்ட 'அண்ணீ'

போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டல் மாடியில் இருக்கும் டான்ஸ் ஃப்ளோரில் நான் லேடி பவுன்சர். பெண்களின் பைகளைச் சோதிக்க வேண்டும், அவர்களிடம் எவனாவது வாலாட்டினால் வெளியே தள்ள வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். சம்பளமும் வாங்கிக்கொண்டு தினமும் திருவிழாவில் நிற்கிற மாதிரி.

ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமியாருக்கோ நான் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி ஆயா. கப்பலில் வேலை செய்யும் என் கணவர் சொல்லிவைத்த பொய் அது. கட்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து, ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷி அவர். பாரில் வேலை என்று தெரிந்தால் அன்றைக்கே வேலையை விடச் சொல்லிவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சிநேகிதியின் பிறந்த நாள் என்று நாலு கல்லூரிப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார்! வீட்டில் குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டு வந்தவள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஆனால் இரண்டு பேருமே முன்பின் தெரியாதவர்கள் போல நின்றோம். திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்னை வீட்டில் போட்டுக் கொடுத்துவிடுவாளே! "ஜாயியே" என்று உள்ளே விட்டேன். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விட்டேன், வேறு காரணம் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மெயின்லேண்டிலிருந்து டூர் வந்த கும்பலில் ஒருத்தன் ஆடிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் உருவிப் பார்த்தாள், முடியவில்லை. என்னைப் பார்த்துப் பாட்டையும் மீறிக் கத்தினாள்.

"அண்ணீ!"

மொத்த ஃப்ளோரும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பாய்ந்துபோய் அவன் காலரைப் பிடித்தேன்.

"ஹாத் சோடோ! கையை விடுடா!"

"மஜாக் கர் ரஹா தா, மேடம்" என்று இளித்தான். விளையாட்டாம், மண்ணாங்கட்டி! படி இறங்கும் வரை காலரை விடவில்லை.

நாத்தனார் என் தோளில் விழுந்து அழுதாள். "அம்மாகிட்ட மத் போலோ அண்ணி, சொல்லாதீங்க, ப்ளீஸ்."

"இவ்ளோ பேர் பார்த்தாச்சு. காலைல மார்க்கெட்ல யாராவது சொல்லி அவங்க தெரிஞ்சுக்கணுமா? நாமளே சொல்லிடலாம். சலோ."

மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். கதவைத் திறந்த மாமியார் என் கறுப்புச் சட்டையையும் மகளின் அழுத முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். "தெரிஞ்சேதான் மாமி இவளை உள்ள விட்டேன். என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்று அதையும் சொன்னேன்.

மகளுக்கு ஒரு அறை விழுந்தது. அடுத்து எனக்குத்தான் என்று நின்றேன்.

"அப்ப ஆஸ்பத்திரி இல்லியா?"

"இல்ல மாமி."

"அந்நேரத்துக்கு பஸ்ஸே கெடையாதே. எப்பிடி வாற?"

"லம்பா லைன் வரைக்கும் கிச்சன் ஆளுங்க ஸ்கூட்டில விடுவாங்க. அப்புறம் நடந்துதான்."

"ஒத்தையிலயா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எவனையும் காலரைப் பிடித்து இழுக்கிறவள், பச்சைப் பிள்ளை போல அழுதேன். மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அதற்காகவே அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாமியார் என் போனைப் பிடுங்கி மகனைக் கூப்பிட்டார். கப்பல் அன்றைக்கு லாங் ஐலண்டில் நின்றதால் சிக்னல் இருந்தது, அவர் உடனே எடுத்துவிட்டார்.

"ஏன்டா, பொய் சொல்ல மட்டும் தெரிஞ்சிச்சே. பொண்டாட்டி ராத்திரியில எப்பிடி வீட்டுக்கு வாறான்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடா?"