வெடிக்காத குழி

இது நடந்தது. நம்பாதவர்கள் உத்தனப்பள்ளிப் பக்கம் வந்து எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கலாம். கல் குவாரியில் மூன்று தலைமுறையாக வெடி வைக்கிறவர்கள் நாங்கள். அவசரக்காரர்கள் என்று எங்களை ஒருவரும் சொன்னதில்லை. இப்போது என் மகன் பிரேம்குமாரைச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாசி மாதம். மதியச் சாப்பாட்டு நேரம். ஆட்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுப் பிரேம் வெடித்தான். மருந்து வைத்த குழிகளில் ஒன்று வெடிக்கவில்லை. சத்தத்தை வைத்தே எனக்கும் அவனுக்கும் தெரிந்துவிட்டது. அப்படி ஆனால் அரை மணி நேரம் யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. எந்த நொடியிலும் அது வெடிக்கலாம். நான் சிவப்புக் கொடியோடு பாறை விளிம்பில் உட்கார்ந்தேன். பிரேம், கம்ப்ரசர் ஓட்டும் முனிவேலிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போனான்.

கொஞ்ச நேரத்தில் என் அருகில் வந்து உட்கார்ந்தான். ஜல்லியில் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"என்னடா, மொதலாளி அவசரப்படுத்துறானா?"

"இல்ல."

"படுத்துனா எங்கிட்ட அனுப்பு. கொடிக்கம்பாலயே நாலு வெக்கிறேன்."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

காற்று எங்கள் பக்கம் அடித்தது. என் வேட்டி, மீசை எல்லாம் கல்தூசி. அவன் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை...

மணி ஒன்று இருபது. அரை மணி ஆக இன்னும் பத்து நிமிடம்.

கீழே கல் சரிந்தது. சரக்... சரக்...

எட்டிப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன் பள்ளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். இடது தோளைச் சாய்த்து ஓடும் ஓட்டம். பிரேமின் ஓட்டம்.

திரும்பினேன். பிரேம் என் பக்கத்தில்தான் இருந்தான்.

"அது யாருடா?"

"பாக்காத."

என் கையைப் பிடித்தான். ஈரக் கல் போல ஜில்லென்று இருந்தது. எழ முடியவில்லை. கத்த வாய் திறந்தேன்... வெறும் காற்றுதான் வந்தது.

கீழே ஓடியவன் நின்றான். யாரையோ தேடினான்.

டமார்!

என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டது.

பக்கத்தில் யாரும் இல்லை.

காரியம் முடிந்த அன்று முனிவேல் வீட்டுக்கு வந்தான். நிற்கவைத்தே கேட்டேன்.

"எம் மவன் முறை தெரியாதவனா? ஏன் எறங்குனான்? நீ ஏன்டா விட்ட?"

அவன் தலை நிமிரவில்லை.

"புடிச்சேன் பெரியப்பா. ஒதறிட்டு ஓடிட்டான். பள்ளத்துக்குள்ள இருந்து நீங்கதான கத்துனீங்க... 'பிரேமு, காலு மாட்டிக்கிச்சு, ஓடியாடா'ன்னு. நானும் கேட்டேன்."