நடு மடிப்பில் வைத்த நீலத் துண்டு

மெழுகு தடவிய நூல் நாலைந்து மடிப்புப் பழந்துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும்போது "கிர்ர்" என்று மெல்லிய சத்தம் ஒன்று எழும். கூடவே தேனடையின் வாசனையும், பழைய சேலைகளில் ஊறிப்போன அடுப்புப் புகையின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். கொல்லிமலையில் குண்டனி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நான் பத்து வயதுப் பெண்ணாக இருந்த நாட்களில், மாதத்தில் ஒரு பகல் முழுவதும் எனக்கு இந்தச் சத்தமும் இந்த வாசனையும்தான் உலகம். அந்த ஒரு பகலுக்காக மற்ற எல்லாப் பகல்களிலும் முகம் சுளிக்காமல் களை பறிப்பேன், கிளி ஓட்டுவேன், தம்பியை இடுப்பில் சுமப்பேன்.

அமாவாசையன்று எங்கள் மலையில் ஏர் பூட்ட மாட்டார்கள், களைக்கொத்தும் மண்ணில் இறங்காது. மாட்டுக்கும் ஓய்வு, மனிதருக்கும் ஓய்வு. காலையில் தலைக்கு ஊற்றிச் சாமைச் சோறு ஆக்கித் தின்ற பிறகு, "போங்க, போய் எங்கியாச்சும் உக்காருங்க, ஊட்டுக்குள்ள நின்னு காலச் சுத்தாதீங்க" என்று பெரியவர்கள் எங்களை விரட்டிவிடுவார்கள். அது போதாதா எங்களுக்கு! ஆளுக்கொரு துணிமூட்டையும், சுட்ட பலாக்கொட்டையும், உப்பு நார்த்தங்காயும் எடுத்துக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் பின்னால் இருந்த சப்பட்டைப் பாறைக்குப் போய்விடுவோம். பொழுது சாய்கிறவரை தையலும் பேச்சும் சிரிப்பும்தான். நிழல் நீண்டதும் பாவாயியின் அம்மா வாசலில் நின்று, "ஊசிய முடிஞ்சு வைங்க, வெளக்கு வச்சதுக்கப்புறம் ஊசி எடுத்தா லச்சுமி எந்திரிச்சுப் போயிருவா" என்று குரல் கொடுப்பாள்.

நாங்கள் மூன்று பேர். பாவாயிக்குப் பதினைந்து வயது. எங்களுக்கு அவள் அக்கா. நூல் கோப்பதானாலும் பேன் பார்ப்பதானாலும் அவள் கை பட்டால் தனிச் சுகம். அடுத்தவள் செல்லாயி, என்னைவிட ஒரு வயது பெரியவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் அவள் தையல் எறும்பு ஊர்வதுபோல் நேராகப் போகும். கடைசி நான். என் தையல் கோணல்மாணலாகப் போகும், வாய் மட்டும் நேராக ஓடும். பாவாயியின் அம்மாவை நானும் செல்லாயியும் பெரியம்மா என்றுதான் அழைப்போம்.

அது சண்டைக்காலம். எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ சண்டை போட, இங்கே எங்கள் இடுப்புத் துணி கிழிந்தது. மிளகைத் தலைச்சுமையாகச் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்குப் போன ஆண்கள், "துணியெல்லாம் கண்ட்ரோலாமா" என்று வெறும் மூட்டைத் துணியோடு திரும்பி வருவார்கள். ஆகவே பழந்துணிக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு இன்றைக்குப் பட்டுக்குக்கூட இல்லை. கிழிந்த சேலையைத் துவைத்து, நல்ல பாகத்தைச் சதுரம் சதுரமாகக் கிழித்து மேலுக்கும் அடிக்கும் வைத்து, நைந்துபோன மிச்சங்களை எல்லாம் நடு மடிப்பில் பரப்பி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் அதுதான் "ஒட்டுத் துப்பட்டி". மார்கழிக் குளிரில் எங்கள் உயிரைக் காத்தது அதுதான். நூலையும் விலைக்கு வாங்கியதில்லை. கிழிசலின் ஓரத்திலிருந்து இழை உருவி, தொடையில் வைத்து முறுக்கி, மெழுகில் இழுத்துக்கொள்வோம்.

பாவாயிக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆலத்தூர் நாட்டுப் பக்கம் மாப்பிள்ளை வீடு. இங்கிருந்து இரண்டு ஓடை தாண்டி ஒரு மேடு ஏற வேண்டும். போகிறவளுக்கு நாங்கள் என்ன கொடுக்க முடியும்? ஒரு துப்பட்டி தைத்துக் கொடுப்போம் என்று ஐப்பசி அமாவாசையில் ஆரம்பித்தோம். பாவாயியும் வெட்கப்படாமல் தன் துப்பட்டிக்குத் தானே உட்கார்ந்து தைத்தாள்.

அந்த வருஷம் புரட்டாசியில்தான் செல்லாயியின் அம்மா காய்ச்சலில் கிடந்து நாலாம் நாள் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: செத்தவர் உடுத்திய துணியை மூட்டையாகக் கட்டிக் குழிமேட்டிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வீட்டில் ஒரு நூல்கூடத் தங்கக்கூடாது. தங்கினால் போன உயிர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, பிரியமானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். அந்தச் சாவுக்குப் பிறகு பாவாயி செல்லாயியைத் தன் மடியை விட்டு இறக்கவில்லை. அவளுக்குத்தான் முதலில் தலை வாரினாள், முதல் பலாக்கொட்டையை உரித்து அவள் வாயில்தான் போட்டாள். தாயில்லாப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா ஒருத்தி? நான் பட்டேன். வயிறு எரிய எரியப் பட்டேன்.

கார்த்திகை அமாவாசையில் நடந்தது இது. சுனையிலிருந்து தண்ணீர் மொண்டுவர என்னை அனுப்பினார்கள். குடுக்கையோடு திரும்பி வந்தபோது பேச்சுச் சத்தம் தணிந்து கேட்டதால், பலாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். செல்லாயி தன் மடியிலிருந்து சாண் அகலத் துணித் துண்டு ஒன்றை எடுத்தாள். நீலச் சேலைத் துண்டு, ஓரத்தில் மஞ்சள் கரை. அது யாருடையது என்று எனக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த சேலை அது. மூட்டை கட்டுவதற்கு முன்பே கிழித்துக் கூரைப்புல்லுக்குள் செருகி வைத்திருக்கிறாள்.

"அப்பன் பாத்தா அடுப்புல போட்ருவாருக்கா. தெனமும் பயமாருக்குது" என்றாள்.

பாவாயி அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பயமில்லாமல் இருந்திருக்காது. பிறகு துப்பட்டியின் பிரிந்திருந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, "இங்க வை புள்ள. நடு மடிப்புல போயிட்டா எங்கம்மாளுக்குக்கூடத் தெரியாது. நான் போற ஊட்டுக்கு உங்கம்மாளும் என்கூட வரட்டும். நீ வாரப்பெல்லாம் போத்திக்கிட்டுப் படுத்துக்க" என்றாள்.

"அவகிட்டச் சொல்லலாமாக்கா?" என்று செல்லாயி கேட்டாள். அவள் என்றது என்னைத்தான்.

"அது ஓட்டவாயி. அப்பறமாப் பாத்துக்கலாம்."

குடுக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் ஒன்றும் நடக்காததுபோல் தைத்தார்கள். நானும் ஒன்றும் பார்க்காததுபோல் தைத்தேன். அன்று மாலைவரை அவர்கள் சொல்வார்கள், சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுவதும் காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை என்னிடம் அவர்கள் சொல்லியிருந்தால், சத்தியமாக, என் நாக்கை அறுத்தாலும் வெளியே வந்திருக்காது. இப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிஜமாக அப்படி இருந்திருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

மார்கழி அமாவாசைக் காலையில், கல்யாணத்தன்று பெண்ணுக்குப் பக்கத்தில் தட்டேந்தி நடக்கப் போவது செல்லாயிதான் என்று பாவாயி சொன்னாள். நான் எழுந்து நேராக வீட்டுக்குள் போனேன். பெரியம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, பாவாயிக்காவுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமாருக்குதுங்க" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசாது.

உலக்கை நின்றுவிட்டது. "நெசமாவா கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு பாறைக்கு வந்தாள். பின்னாலேயே நானும் வந்து, என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

யாரையும் அவள் திட்டவில்லை. மண்டியிட்டுத் துப்பட்டியை இழுத்து வைத்துத் தையலை அறுத்தாள். மூன்று அமாவாசைத் தையல் வெற்றிலை போடும் நேரத்தில் பிரிந்துபோனது. நடு மடிப்பில் அந்த நீலத் துண்டு தெரிந்ததும் கை படாமல் ஒரு குச்சியால் தூக்கினாள்.

"உன் மேல தப்பில்ல சாமி. ஆத்தாளப் பறிகுடுத்த புள்ள, நீ என்ன பண்ணுவ? ஆனா கழுத்துல தாலி ஏறப்போற பொண்ணு மேல இது படக்கூடாது கண்ணு."

செல்லாயி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. எழுந்து நின்று, "ஒரு நூலு மட்டும் உருவிக்கட்டுங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"அந்த ஒரு நூலப் புடிச்சுக்கிட்டுத்தான் சாமி அவ வருவா."

"வந்தா வரட்டுங்க."

பெரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் தாய். அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள். குச்சியோடு அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் துணி கருகும் வாடை பாறைவரைக்கும் வந்தது.

செல்லாயி பாவாயியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை; எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாதே! "உனக்கு மட்டுந்தானக்கா தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாவாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவள் கண் என் பக்கம் திரும்பியது. நான் தலையைக் குனிந்து, கோத்திருந்த ஊசியையே மறுபடி கோத்துக்கொண்டிருந்தேன். பாவாயி வாயை மூடிக்கொண்டாள்.

செல்லாயி கல்யாணத்துக்கு வரவில்லை. தட்டேந்தி நடந்தது நான்தான். பெரியம்மா அந்தத் துப்பட்டியைத் தன் கையால் மறுபடி தைத்து வைத்திருந்தாள். பாவாயி அதைத் தொட மறுத்துவிட்டு, கட்டிய சேலையோடு புறப்பட்டாள். ஓடைக்கரைவரை நான் கூடப் போனேன். ஆட்கள் முன்னால் போகட்டும் என்று நின்று, அவள் என் காதருகில் குனிந்தாள்.

"அம்மா சொல்லிப் போட்டுது. நீதான்னு எனக்குத் தெரியும் புள்ள. நான் செல்லாயிகிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா அவ உன்னையும் உட்ருவா. நானும் போறேன், அவளுக்கு இங்க வேற ஆரு இருக்கா? அவகூடவே இரு. அவ கொஞ்சம் பெரியவளானதுக்கப்பறம் நீயே வாயத் தொறந்து சொல்லிரு."

"சொல்றேங்க்கா" என்று அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு எட்டு வருஷம் நானும் செல்லாயியும் அமாவாசைதோறும் அந்தப் பாறையில் உட்கார்ந்து தைத்தோம். அவளுக்கு எல்லாமே நான்தான். எனக்கு முதலில் தலை வாரினாள், என் கோணல் தையலைப் பிரித்து நேராக்கினாள். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. பாவாயி சந்தைக்கு வருகிற ஆட்களிடம், "செல்லாயிய ஒருக்கா வரச் சொல்லுங்க" என்று வருஷம் தவறாமல் சொல்லி அனுப்புவாள். செல்லாயி காது கொடுக்கமாட்டாள். மூன்றாவது பிரசவத்தில் பாவாயி போய்விட்டாள் என்று சேதி வந்தபோதும் இவள் அசையவில்லை. "நீ போயிட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டு வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்த அமாவாசைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி அடிவாரத்துக்கு இறங்கிவிட்டேன்.

மலைக்கு ரோடு வந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, வருஷத்துக்கு ஒருமுறையாவது செல்லாயி என்னைப் பார்க்க இறங்கி வருவாள். கடைசியாக வந்தபோது இருவருக்கும் பல் இல்லை. என் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த உசுருக்கு நீ ஒருத்திதான் புள்ள. அவளாட்டம் நீயும் என்னைய மோசம் பண்ணியிருந்தா, நான் அப்பவே ஓடையப் பாத்துப் போயிருப்பேன்" என்றாள். அறுபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. நான் சொன்னது வேறு: "காப்பி ஆறுது, குடி."

போன ஆடியில் அவளும் போய்விட்டாள். காரியத்துக்காக மலை ஏறினேன். ரோட்டுக்கு ஜல்லி வேண்டுமென்று அந்தப் பாறையை உடைத்து எடுத்துவிட்டார்கள். பாவாயி வீடு இருந்த இடத்தில், வாசலூர்பட்டி ஏரியில் படகு சவாரி செய்ய வருகிறவர்கள் தங்குவதற்கு ஓட்டுக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. பாறை போனதற்கோ வீடு போனதற்கோ எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருக்க வேண்டிய காது இந்த உலகத்தில் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் வந்தது. முகம் தெரியாத உங்களிடம் இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

செல்லாயி, பாவாயி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.