திரையில் அண்ணனின் நாடி

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தபோதே அண்ணன் வேண்டிக்கொண்டுவிட்டார். பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால் காவடி. டாக்டர் கூடாது என்றார், அண்ணி அழுதார், நான் கத்தினேன். "முருகன்கிட்ட நான் குடுத்த வாக்க டாக்டரா வந்து நிறைவேத்துவாரு?" என்று அண்ணன் கேட்டார். எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன். நான் தரும் ஸ்மார்ட் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும், வழி நெடுக அவருடைய நாடித்துடிப்பு எனக்குத் தெரிய வேண்டும்.

அது என் தொழில். ஃபேக்டரியில் வெவ்வேறு கம்பெனி இயந்திரங்களை ஒன்றோடொன்று பேச வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் கருவி தன் ஆட்களோடு மட்டும் பேசினால் போதும் என்று நினைப்பான். அதைத் தாண்டி வர, யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் செய்தி விதிமுறைகள் இருக்கின்றன. அந்த முறைப்படி அனுப்பினால் எந்தக் கருவியும் படித்துக்கொள்ளும். அண்ணனின் கடிகாரம் ஒரு கம்பெனி. மலையடிவார முதலுதவிக் கூடாரத்தில் நர்ஸ் வைத்திருந்த டேப்லெட் வேறொன்று. பாதி வழியில் தண்ணீர்ப் பந்தல் நடத்தும் லாரிக்கார அண்ணனின் கைப்பேசி இன்னொன்று. எல்லாவற்றையும் என் மடிக்கணினியோடு கோத்துவிட்டேன். நாடி அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ எங்கள் மூன்று பேரிடமும் ஒரே நேரத்தில் அலறும், இடத்தையும் காட்டும்.

தைப்பூசத்தன்று காலை கூடாரத்தில் நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காவடி கிளம்பிவிட்டது என்று அண்ணி போன் செய்தார். திரையில் எண்பத்தெட்டு. வெகுநேரம் கழித்துப் பார்த்தாலும் தொண்ணூறுதான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, இதய நோயாளி காவடி தூக்கி நடக்கிறார், நாடி தொண்ணூறு. எல்லாம் முருகன் அருள் என்றார் நர்ஸ். என் கெட்டிக்காரத்தனம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் நான். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பந்தலை நெருங்கும்போது எண் ஏறியது. நூற்றுப் பத்து, நூற்று முப்பது, நூற்று ஐம்பத்தெட்டு. கருவிகள் அலறின. நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், பின்னால் நான். கூட்டம் வழி விடவில்லை. அதற்குள் பந்தல் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, எடத்துக்கு வந்துட்டேன். வாட்ச் ஒரு அம்மா கையில இருக்கு. அவங்க பேசவே மாட்டேங்கிறாங்க."

"பக்கத்துல காவடி எடுத்தவரு எங்கண்ணே?"

"அவருக்கு அருள் வந்து சாஞ்சிட்டாரு. விபூதி போட்டுக்கிட்டு இருக்காங்க."

"அது அருள் இல்லண்ணே. காவடிய இறக்குங்க. மூச்சு இருக்கா பாருங்க."

போனில் சிறிது நேரம் வேல் முழக்கம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "இல்ல தங்கச்சி."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரிக்காரர் அண்ணனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். அப்போதும் ஒருவர் அண்ணன் உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சாமி இல்ல அங்கிள், ஹார்ட்டு. தள்ளுங்க," என்று நர்ஸ் அவரை விலக்கி, பையிலிருந்த ஷாக் கருவியை மார்பில் ஒட்டினார். முதல் அதிர்ச்சிக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் முருகனைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். இரண்டாவதுக்கு அண்ணன் இருமினார்.

ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. கடிகாரம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று அண்ணியைக் கேட்டேன்.

"பூசையில கழட்டச் சொல்லிட்டாங்க. தோல் பொருளோட காவடி எடுக்கக் கூடாதாம். கூட்டத்துல தொலைஞ்சிடும்னு நான் கட்டிக்கிட்டேன்."

ரப்பர் வார் அரிக்கிறது என்று அண்ணன் சொன்னதால் தோல் வார் வாங்கி மாட்டியதே நான்தான். சின்ன வயசிலிருந்து பால்குடம் எடுக்கிறவளுக்கு அது தோன்றவில்லை. எத்தனையோ இயந்திரங்களின் விதிமுறை தெரிந்த எனக்கு எங்கள் வீட்டு விரதத்தின் விதிமுறை மறந்துவிட்டது. திட்ட வந்தவள் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணி தரையைப் பார்த்தபடியே பேசினார். "அவரு கண்ணு சொருகுனப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அது அருள் இல்லன்னு. கத்தணும்னு பாத்தேன், கொரலே வரல. மரமாட்டம் நின்னேன். ஒருத்தரையும் நான் கூப்பிடல."

நான் கைப்பேசியைத் திறந்து, ஏறிக்கொண்டே போன அந்த எண்களைக் காட்டினேன்.

"இது அண்ணனோட நாடி இல்ல அண்ணி, உங்களோடது. நீங்க கூப்பிட்டுத்தான் நாங்க ஓடி வந்தோம்."

அண்ணி அந்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தோளில் சாய்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகக் குரல் விட்டு அழுதார்.