மலைக்கு முதுகு காட்டாத சோலார்

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. என் கணவர் ஒரு விள்ளல் இட்லியை வாயில் போட்டார். மென்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இது இட்லியா, எலுமிச்சங்கா ஊறுகாயா?"

நான் உடனே பழியைச் சட்னி மேல் போட்டேன். இத்தனை வருட இல்லறத்தில் இது கூடவா கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்?

ஆனால் கோளாறு சட்னியில் இல்லை, மாவில். அதனால் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டியிருக்கிறது. இட்லி பற்றி வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் நாலைந்து தடவை எழுதியிருக்கிறேன். 'பஞ்சு மாதிரி வர என்ன செய்யணும் மேடம்?' என்று கேட்டவர்களுக்கு, அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை மணி நேரம் ஊறணும் என்று ஏதோ கைப்பக்குவம் உள்ளவள் மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் தேன்மொழியைக் கேட்டு எழுதியது. எங்கள் வீட்டு கிரைண்டர் பரணில் ஏறி வெகு காலமாகிறது. திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

தேன்மொழி எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் மாவுக் கடை வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பெரிய கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். சுற்றுவட்டார டிபன் கடைகளுக்கு அவர் மாவுதான். பௌர்ணமி, தீபம் என்றால் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் இருக்கும் ஒரு அன்னதானக் கூடத்துக்கும் அவரே. அவர் கணவர் ஏகாம்பரம் மொபெட்டில் டிரம்மைக் கட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார்.

காலநிலை மாற்றம் என்றால் டிவியில் பனிப்பாறை உடைந்து விழுவதைக் காட்டுகிறார்கள். பனிக்கரடியைக் காட்டுகிறார்கள். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் அது வந்து சேர்ந்தது மாவு டிரம்முக்குள்.

"முன்னெல்லாம் கார்த்திகை மாசம்னா மாவு பொங்கறதுக்குக் கம்பளி போத்தி வெப்பேன்க்கா. இப்ப கார்த்திகைலயே மூடியத் தள்ளிக்கினு வருது. சித்திரைல கேக்கவே வேணாம். அரைச்சுட்டுக் கை கழுவறதுக்குள்ள புளிச்சுடுது" என்பார் தேன்மொழி.

சரி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதுதானே? வைக்கிறார். வெயில் ஜாஸ்தி என்று தெருவில் எல்லாரும் ஏசி போட்டுவிட்டோம். புதுசு புதுசாக லாட்ஜ் வேறு — ரூமுக்கு ஒரு ஏசி. எல்லாம் சேர்ந்து ஓடினால் வோல்டேஜ் கம்மி. வோல்டேஜ் கம்மியானால் தேன்மொழியின் ஃப்ரிட்ஜ் உறுமும், ஆனால் குளிராது. நாங்கள் போர்வைக்குள் குளுகுளுவென்று கிடப்போம், அங்கே மாவு புளித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் எத்தனை ஏசி என்று கேட்கிறீர்களா? இரண்டு.

இந்த லட்சணத்தில் போன வருடம் இதே பத்தியில், 'வீட்டுக்கு வீடு சோலார் போடுங்கள், சூரியன் எல்லாருக்கும் பொது' என்று உபதேசம் செய்திருந்தேன். தேன்மொழி அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். ஒட்டியதோடு நிற்காமல் சோலார் போடவும் ஆள் கூப்பிட்டுவிட்டார். நான் எழுதியதை ஒருவர் நம்பி ஒரு காரியம் செய்வது எனக்கு இதுவே முதல் தடவை. உள்ளூர பயமாகத்தான் இருந்தது.

பங்குனி மாசம் ஒரு காலையில் பேனல் மாட்ட வந்தவர் பாலாஜி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற குடும்பம், டிப்ளமோ படித்தவர். எட்டு பேனலையும் மொட்டை மாடியில் தெற்கு பார்த்து நிறுத்தினார். பேட்டரிக்கு ஒயர் இழுத்தார். நானும் ஆலோசகர் என்ற ஹோதாவில் மேலே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் ஏகாம்பரம் படியேறி வந்தார். பேனலைப் பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார். எங்கள் தெருவிலிருந்து மலை நேர் வடக்கே நிற்கும்.

"இன்னாங்க இது? எட்டும் அண்ணாமலையாருக்கு முதுகு காட்டிக்கினு நிக்குது?"

ஏகாம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலைப் பக்கம் கால் நீட்டிப் படுக்க மாட்டார். மொபெட்டைக்கூட முகப்பு மலையைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். அவர் கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். மலை பின்னால் தெரிய வேண்டுமென்றால் யாராவது அதற்கு முதுகு காட்டித்தானே ஆக வேண்டும்? அவர் சம்மதிக்கவில்லை போலிருக்கிறது. ஆல்பம் முழுக்க மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கவாட்டில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு காதுதான் தெரிகிறது.

"சார், தெக்கால பாத்து வெச்சாத்தான் சார் வருஷம் பூரா வெயில் விழும்" என்றார் பாலாஜி.

"தம்பி, இது அக்னி ஸ்தலம். நெருப்புக்கே சொந்தக்காரரு தோ இங்க உக்காந்திருக்காரு. நீ அவருக்கு முதுகக் காட்டிட்டு நெருப்பத் தேடி தெக்கால பாப்பியா?"

பாலாஜி என்னைப் பார்த்தார். நான் அண்ணாமலையாரைப் பார்த்தேன். இதற்கு எந்த டிப்ளமோவில் பதில் இருக்கிறது, சொல்லுங்கள்?

பேனல் எட்டும் வடக்கே திரும்பின. உச்சி தெரிய வேண்டும் என்று ஏகாம்பரம் சொன்னதால் ஸ்டாண்டைத் தூக்கி, பேனலை நன்றாக நிமிர்த்தியும் வைத்தாயிற்று. பாலாஜி விவரமான ஆள். 'வீட்டுக்காரர் விருப்பப்படி மலையைப் பார்த்து வைக்கப்பட்டது' என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. சித்திரை, வைகாசி, ஆனி... சோலார் பிய்த்துக்கொண்டு ஓடியது. மத்தியானத்துக்குள் பேட்டரி நிரம்பிவிடும். ஃப்ரிட்ஜ் ராத்திரி வரைக்கும் ஜில்லென்று இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு டிரம் மாவு புளிக்கவில்லை. ஏகாம்பரம் என்னை எங்கே பார்த்தாலும் மொபெட்டை நிறுத்தி, "இன்னா மேடம், தெக்காலன்னாரே அந்தத் தம்பி?" என்பார்.

நானும் சும்மா இருந்தேனா? 'அண்ணாமலையார் முன்னால் இன்ஜினியரிங் கைகட்டி நிற்கிறது' என்று இங்கேயே ஒரு வாரம் எழுதித் தள்ளினேன். நிறைய பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். தயவுசெய்து அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் ஐப்பசியில் பேட்டரி சுணங்க ஆரம்பித்தது. கார்த்திகை பிறந்ததும் மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கைவிரித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தீபத்துக்கு ஊர் நிரம்பியது. லாட்ஜில் ஒரு ரூம் காலியில்லை. வோல்டேஜ் பாதாளத்துக்குப் போனது. திங்கட்கிழமை என் வீட்டு இட்லி ஊறுகாயானது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். அடி அண்ணாமலை அன்னதானக் கூடத்திலிருந்து ஒரு டிரம் மாவு அப்படியே திரும்பி வந்துவிட்டது. அங்கே சமையல் பார்க்கிற பெரியவர் போனில் தேன்மொழியிடம் மரியாதையாகத்தான் சொன்னாராம். "தீபத்தன்னிக்கு சாமி கும்புட வர்ற ஜனத்துக்குப் புளிச்சதப் போட முடியாதும்மா. நாளைக்கும் இப்படின்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

நான் போனபோது தேன்மொழி முற்றத்தில் உட்கார்ந்து அந்த டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். முகமே சரியில்லை.

"அன்னதானத்துக்கே தேன்மொழிகிட்டதான் வாங்கறாங்கன்னு நம்பித்தான்க்கா மத்த கடைக்காரங்க என்கிட்ட வராங்க. அங்கயே வேணான்னுட்டா ஊரே வேணான்னுடும். அப்புறம் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

நான் எழுதிய உபதேசம் ஃப்ரிட்ஜ் கதவில் அப்படியே ஒட்டியிருந்தது. எனக்கு அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பாலாஜியைக் கூப்பிட்டோம். அன்று மத்தியானமே வந்தார். மாடிக்கு ஏறினார், இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டார்.

"வைகாசி, ஆனியில சூரியன் உச்சிக்கு வந்து கொஞ்சம் வடக்கால சாயும்க்கா. அதான் அப்போ ஓடுச்சு. இப்போ நல்லா தெக்கால போயிடுச்சு. பேனல் மேல வெயில் சும்மா தடவிக்கினு போவுது, விழலை. தைக்கு அப்புறம்தான் தேறும்."

தைக்கு அப்புறமா? தீபத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

"திருப்பிடலாம்ங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்" என்றார் பாலாஜி. ஏகாம்பரம் அசையவில்லை. "தீபம் நெருங்கற நேரத்துல அவருக்கு முதுகு காட்டறதா? ரெண்டு சுத்து ஜாஸ்தியா கிரிவலம் போறேன். எல்லாம் சரியாப் பூடும்."

எனக்கு எழுத்தாளர் மூளை வேலை செய்தது. "ஏங்க, கிரிவலம் போறப்ப நீங்க மலையப் பாத்துக்கிட்டா நடக்கறீங்க? ரோட்டப் பாத்துத்தானே நடக்கறீங்க?"

"நடக்கறப்போ அவரு சோத்துக்கைப் பக்கம் இருக்காரு மேடம். முதுகுப் பக்கமா இருக்காரு?"

அவ்வளவுதான். இருபது வருடமாகப் பத்தி எழுதுகிறவளை ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டார். என்னால் ஆனது, வீட்டுக்குப் போய் ஒரு ஏசியை அணைத்துவிட்டு வந்தேன். இரண்டாவதை அணைக்கவில்லை. தியாகத்துக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா?

திரும்பி வந்தபோதும் பேச்சு அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. தேன்மொழி டிரம்மைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை.

"இன்னாங்க, நான் எந்தப் பக்கம் பாத்து உக்காந்து மாவு அரைக்கிறேன்?"

ஏகாம்பரத்துக்குக் கேள்வி புரியவில்லை.

"ரோட்டப் பாத்து. வர்றவங்களப் பாத்து. பதினோரு வருஷமா மலைக்கு முதுகக் காட்டிக்கினுதான் உக்காந்திருக்கேன். வண்டிக்குத் தெச பாத்தீங்க, கட்டிலுக்குத் தெச பாத்தீங்க, பேனலுக்கும் பாத்தீங்க. நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு ஒரு நாள் பாத்தீங்களா? அவரு பாத்தாரு. பாத்துட்டு கோச்சுக்கலையே... அவரு சன்னதி ஜனத்துக்கு அரைக்கிற வேலையத்தான் குடுத்தாரு. அதையும் இப்போ நீங்க கெடுத்துடாதீங்க."

பாலாஜி ஸ்பேனரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பதினோரு வருடமாக அந்தக் கடை வாசலில் நின்று மாவு வாங்கியிருக்கிறேன். எனக்கும் இது தோன்றியதில்லை.

ஏகாம்பரம் பாலாஜியின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே போனதும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டார். பிறகு முதல் நட்டைக் கழற்றினார். இருட்டுவதற்குள் எட்டு பேனலும் தெற்கே திரும்பிவிட்டன. இந்தத் தடவை ரொம்ப நிமிர்த்தாமல் லேசான சாய்வில் வைத்தார்கள், கோடையிலும் ஓடட்டும் என்று.

மறுநாள் வெயில் நன்றாகவே அடித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கும் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருந்தது. வியாழக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போன டிரம் திரும்பவில்லை. தீபத்தன்று விடிவதற்கு முன்னாலேயே ஏகாம்பரம் மூன்று நடை போய்வந்தார். அன்னதானக் கூடத்துப் பெரியவர் அடுத்த பௌர்ணமிக்கும் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது தேன்மொழி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... மலையுச்சியில் தீபத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சோலார் போடு, எலெக்ட்ரிக் வண்டி வாங்கு, ஏசியைக் குறை என்று எங்கேயோ உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். என்னை மாதிரி ஆட்கள் அதை வழிமொழிந்து எழுதுகிறோம். வெயில் எவ்வளவு, வாட்ஸ் எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் போட்டாகிவிடும். அந்த வீட்டுக்காரர் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் இருப்பதில்லை. அந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார் என்பதும்தான். சூரியன் எல்லாருக்கும் பொது என்று எழுதினேன் அல்லவா? பொதுதான். ஆனால் அது நம் வீட்டு மாடியில் இறங்குவதற்கு முன்னால் நாலு பேரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது.

தீபம் முடிந்த மறுநாள் மாவு வாங்கப் போனேன். கடையில் ஏதோ மாறியிருந்தது. ஏகாம்பரம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக கிரைண்டரைத் திருப்பிப் போட்டிருக்கிறார். தேன்மொழியின் முக்காலியும் திரும்பிவிட்டது. பின்கதவு விரியத் திறந்திருந்தது, அதன் வழியாக மலை முழுசாகத் தெரிந்தது. தேன்மொழி அதைப் பார்த்து உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ வேணும்க்கா?" என்று மலையைப் பார்த்தபடியே கேட்டார்.

இப்போது செங்கம் ரோடே அவர் முதுகைப் பார்த்துத்தான் மாவு கேட்கிறது. புளிக்காத வரைக்கும் எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.