கருவாட்டுக் காவலுக்கு ரிமோட் லாரி

கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வந்த கப்பல் ஒன்று உள்ளே வர இடமில்லாமல் நான்கு நாள் வெளியிலேயே நின்றதே, அந்த வாரம்தான் நான் ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி வாங்கினேன். கரையில் வலை தைத்த எல்லாருக்கும் அந்தக் கப்பல்தான் பேச்சு. எனக்கோ வேறு கவலை.

முழங்கால் போனபின் கடலுக்குப் போவது நின்றுவிட்டது. வீட்டுக்காரி காயவைக்கும் கருவாட்டை நாயும் காக்கையும் தொடாமல் பார்ப்பதுதான் எனக்கு மிஞ்சிய வேலை. ஒரு காலை, நான் எழுந்து நிற்பதற்குள் நாய் ஒரு பாய் நெத்திலியைக் கலைத்துவிட்டது.

"இந்த வருஷத்தோட கருவாட்ட நிறுத்திக்குவோங்க. உங்களயும் பாத்து, கருவாட்டயும் பாக்க என்னால ஆவாது" என்றாள் வீட்டுக்காரி.

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

பக்கத்துத் தெருவில் யாரோ ரிமோட் வண்டி விட்டபோது நாய்கள் மிரண்டு ஓடியதைப் பார்த்திருந்தேன். எங்கள் வாசலில் தார் ரோடு, அதைத் தாண்டினால் மணல், மழை பெய்தால் ரெண்டுக்கும் நடுவில் சேறு. மூன்றிலும் ஓடுகிற வண்டி வேண்டும். ஒரு பை நிறைய கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு காரைக்கால் பொம்மைக் கடைக்குப் போனேன். அந்தக் காலத்தில் படகை மணலில் கையால் தள்ளிய ஆள் நான். எது புதையும், எது ஏறும் என்று எனக்குத் தெரியும்.

கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் மணலை வாசலில் கொட்ட விட்டார். முதல் வண்டி ரோட்டில் பறந்தது, மணலில் குழி தோண்டிப் படுத்தது. இரண்டாவது கல்லின் மேலெல்லாம் ஏறியது, ஆனால் காக்கை தின்று முடித்த பிறகுதான் போய்ச் சேரும். மூன்றாவது ஒரு லாரி. அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும், டயர் அகலம், அடிப்பாகம் தரையை விட்டு உயரம். மணலில் தடுமாறினாலும் நிற்கவில்லை. அதையே எடுத்தேன்.

"தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க, பெரியவரே" என்றார் கடைக்காரர்.

எங்கள் வீட்டில் புது வலையோ புது எஞ்சினோ எது வந்தாலும் கடல் தண்ணீர் காட்டாமல் வேலைக்கு இறக்கியதில்லை. லாரிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, அலை ஓரத்தில் நனைத்து எடுத்தேன். அன்று நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சக்கரம் திரும்பவில்லை. நேராக மட்டுமே போனது. நாய் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. வீட்டுக்காரி பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மறுபடி கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் பஸ்ஸில்தான். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல தண்ணீர் என்றால் தாங்குமாம், உப்பு உள்ளே போய் இறுகிவிட்டதாம். திருப்புகிற சின்ன மோட்டாரை மாற்றி, பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டுத் தந்தார். அன்று முதல் மணலில் ஓட்டியதும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைக்கிறேன்.

மறுநாள் நாய் வந்தது. லாரி வளைந்து வளைந்து துரத்தியது. வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய், சுருட்டி வைத்த பாய்களைக் கொண்டுவந்து விரித்தாள்.

"சாயந்தரம் வரைக்கும் பேட்டரி தாங்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

தாங்காது. இன்னொரு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். கரையோரத்தில் யாராவது இப்படி வண்டி வாங்கப் போனால், மணலைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாமி கும்பிடட்டும், கடலில் மட்டும் நனைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.