பீஸு போனது கழுத்துல

என்ற மக ஊட்டுப் பூசை செல்புல ஒரு பித்தள நாழி இருக்குது. ஒரு பக்கம் கட்டவெரல வெச்சு அமுக்குன மாதிரி ஒடுங்கிக் கெடக்கும். பாத்திரக்காரரு எப்ப வந்தாலும், "குடுங்கம்மா, தட்டி நிமித்தித் தாரேன்"னு கேப்பாரு. நாங்க குடுக்கறதில்ல. அந்த ஒடுக்கத்தப் பாத்தா எனக்கு என்ற சம்மந்தியம்மா நெனப்பு வந்துரும். என்ற மகளுக்கு மாமியா அவிய, ஊருக்கே அருமைக்காரம்மா. எங்க பக்கத்துக் கல்யாணத்துல சீர் செஞ்சு வாழ்த்தறதுக்குனே ஒரு பெரிய பொம்பள இருப்பாங்க, அவியதான் அருமைக்காரி. நாழி நெறைய நெல்லப் போட்டு, நூல் சுத்துன ராட்டைக் கதிர அதுல குத்தி, பொண்ணு மாப்பளய அதால சுத்தி வாழ்த்தோணும். நாமகிரிப்பேட்டையச் சுத்தி அவிய கையால வாழ்த்து வாங்காத சோடி கொஞ்சந்தான். அதுல கெர்வமும் உண்டு. எனக்கு அந்த யோகமில்ல. நான் பந்தில மொத எலைக்கு ஓடறவ.

ஒரு கல்யாணத்துல அந்த நாழி அவிய கையில இருந்து நழுவி உழுந்துருச்சு. நெல்லு மணவறை பூரா செதறிப்போச்சு. மேளக்காரரு வாயில வெச்ச நாயனத்த அப்புடியே வெச்சுட்டு நிக்கறாரு. நாந்தான் கத்துனேன்: "ஏனுங்க சம்மந்தி, பூமாதேவிக்கு மொதப் பந்தி வெச்சுட்டீங்களா? அப்ப எங்களுக்கும் எலையப் போடச் சொல்லுங்க!" சனமெல்லாஞ் சிரிச்சுச்சு. அவிய சிரிக்கல. தன்ற கைய அடுத்தவிய கையப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நின்னாங்க. மக்யா நாளே ஊருல பேச்சு கெளம்பிருச்சு, அருமைக்காரம்மா கைராசி போயிருச்சுனு. ஊரு பேசுனாக்கூடப் பரவால்லீங்க, அவியளே நம்பிட்டாங்க.

நெசத்துல அந்தக் கை ரொம்ப நாளாவே சொல் பேச்சுக் கேக்கல. கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் எறும்பு ஊர்ற மாதிரி மரத்துப்போவும். முதுகுல ரெக்க மொளைக்கற எடத்துல குத்தும், தோள்பட்டைல எறங்கும், காப்பி டம்ளரு தன்னால கீழ போவும். நாங்க என்ன பண்ணுனோம்? கைக்குப் பண்டுவம் பாத்தோம். வெளக்கெண்ண தேச்சோம், நொச்சி எல ஒத்தடம் குடுத்தோம். எலும்புக் கட்டுக்காரரு முட்ட வெள்ளைல துணிய நனைச்சு மணிக்கட்டுல சுத்துனாரு. நாமக்கல்லு முட்டைல பாதி அந்தக் கைக்கே போச்சு. கோடாங்கி மந்திரிச்ச கயிறு வேற. கை மாப்பள மாதிரி ஆயிருச்சு, வேல செய்யாது, உபசாரம் மட்டும் ஆவோணும்.

இதுக்கு நடுவுல எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான பேத்திக்குத் தையில கல்யாணம்னு முடிவாச்சு. "ஆத்தா கைதான் என்னய வாழ்த்தோணும்"னு பேத்தி ஒத்தக்கால்ல நிக்கறா. "உன்ற சீரும் கீழ உழுந்தா நான் உசுரோட இருக்கமாட்டேன் சாமி, வேற ஆளக் கூப்புடுங்க"னு அவிய அழுவறாங்க. அந்தப் பொம்பள அழுது நான் பாத்ததே அன்னைக்குத்தான்.

ஒரு காத்தால கை வலி நெஞ்சு வரைக்கும் இழுத்துருச்சு. அவிய மகன், என்ற மாப்பள, பயந்துபோயி சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் காருல கொண்டுட்டுப் போனாரு. வாய்த்தொணைக்கு நானும் ஏறிட்டேன். இருதயத்தப் படம் புடிச்சுப் பாத்தாங்க, ஒரு கோளாறுமில்ல. பொறவு ஒரு டாக்டரம்மா வந்தாங்க, நம்ம பேத்தி வயசுதான் இருக்கும். முட்டக்கட்டக் கண்டுக்கவே இல்ல. சம்மந்தி தலைய மெதுவா ஒரு பக்கஞ் சாச்சு, மேல கைய வெச்சு லேசா ஒரு அமுக்கு. "அய்யோ சாமி, வெரல்ல கரண்டு அடிக்குது!"னு இவிய கத்துறாங்க. எனக்கு மேலு புல்லரிச்சுப் போச்சுங்க. கைய ஆருந் தொடலியே! தொட்டது தலைய, துடிச்சது வெரலு.

"கைக்கு வார நரம்பெல்லாம் கழுத்தெலும்புச் சந்துல இருந்துதான் கெளம்புது. அங்க அமுங்குனா முதுகு, தோளு, கை, வெரலு, சிலருக்கு நெஞ்சுலகூட வலிக்கும். எல்லாக் கைவலியும் கழுத்தில்ல. நெஞ்சு வலின்னா மொதல்ல இருதயத்தத்தான் பாக்கோணும். அதப் பாத்தாச்சு. இது கழுத்து"ன்னாங்க. எனக்கு எங்க தோட்டத்து மோட்டாரு நெனப்பு வந்துச்சு. மோட்டாரு ஓடலீனு அதக் கழட்டிப் போட்டுக்கிட்டு எண்ணைய ஊத்திட்டு இருந்திருக்கறோம், பீஸு போனது கரண்டுக் கம்பத்துல.

வயசுல மஞ்சக் கூடையும் பில்லுக்கட்டும் செமந்த தல அது. இப்ப எத்தன தலகாணி வெச்சுப் படுப்பீங்கனு கேட்டாங்க. "ரெண்டுங்க." "பொய்யிங்க டாக்டரம்மா, மூணு. போனச் சாத்தி வெக்க ஒண்ணு"னு நான் போட்டுக் குடுத்துட்டேன். சம்மந்தி மொறச்சாங்க. அப்பறமா அவிய கேட்டது வலியப் பத்தியே இல்ல: "தையில நாழி தூக்கலாமுங்களா?" டாக்டரம்மா, "இப்ப ஒண்ணுஞ் சொல்ல முடியாது, பாப்போம். கை இன்னும் பெலங்கொறஞ்சா மட்டும் ஒடனே வந்துரோணும்"ன்னாங்க.

அன்னையில இருந்து அந்தப் பொம்பள பண்ணுனதப் பாத்து அசந்துட்டேன். தலைல செம தூக்கறதில்ல, ஒத்தத் தலகாணி, போனத் தொடறதில்ல. சொல்லிக் குடுத்த மாதிரி தாவாக்கட்டைய உள்ள இழுத்து உட்டுக்கிட்டே இருப்பாங்க, கோழி நடக்கற மாதிரி. "நாமக்கல்லுல கோழிக்கா பஞ்சம், நீங்க வேறயா?"ம்பேன். அதுக்கும் ஒருக்கா தாவாக்கட்டைய இழுத்து உடுவாங்க. ராத்திரி நான் படுத்துக்கிட்டு என்ற பின்கழுத்துப் பொடனியத் தடவிப் பாப்பேன். கம்பிச் சடை மாதிரி அத்தன நரம்பு அந்தச் சின்னச் சந்துல வருதாமே! வயசுக்கும் சோறு ஊட்டி, களை வெட்டி, ஊர வாழ்த்துன கைக்கு உத்தரவு குடுத்தது இந்தப் பொடனிதானா? நாம அதுல சடையப் போட்டு மறைச்சுட்டுத் திரிஞ்சமே.

தையும் வந்துச்சு. கட்டவெரலு அன்னைக்கும் கொஞ்சம் மரத்துத்தான் இருந்துச்சுன்னு எனக்கு மட்டுந் தெரியும். புது வெள்ளி நாழி வாங்கி வெச்சிருந்தாங்க. அதத் தள்ளி வெச்சுட்டு ஒடுங்குன நாழியவே கேட்டாங்க. சனம் பூரா அந்தக் கையவே பாக்குது. "சிந்துனாச் சொல்லுங்க, எலையப் போடச் சொல்றேன்"னு காதுல சொன்னேன். "வாய மூடுங்க சம்மந்தி, சிரிச்சாக் கழுத்தாடும்"ன்னாங்க. தல நிமுந்து நிக்குது. அப்பத்தான் கவனிச்சேன், மரத்த கட்டவெரலு அந்த ஒடுக்கத்துல கெச்சிதமா ஒக்காந்திருக்குது. அன்னைக்கு உழுந்து பட்ட காயம் இன்னைக்குப் புடியாயிருச்சு. பொண்ணு மாப்பளயச் சுத்தி வந்த நாழில ஒரு நெல்லு சிந்தல. கண்ணுலதான் சிந்துச்சு. கைராசி திரும்பிருச்சுனு கெழவிக கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்துனப்ப, "கையில என்ன ஆயா இருக்குது, இங்க கும்புடு"னு பொடனியக் காட்டுனாங்களே!

போன ஐப்பசில போய்ச் சேந்துட்டாங்க. தூக்கத்துல, ஒத்தத் தலகாணில.

அம்மா ஊட்டுக்கு வந்திருக்கற பேத்தி நேத்து கம்ப்யூட்டர மூடிட்டு, கைய ஒதறிக்கிட்டு வந்தா. "அம்மாயி, வெரலு மரத்துப்போவுது, தைலம் இருக்குதா?" நாளைக்கு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னேன். கைய நான் பாக்கவே இல்ல. தாவாக்கட்டையத் தொட்டு தலைய நிமித்தி உட்டுட்டு, செல்புல இருந்த நாழிய எடுத்துக் குடுத்தேன். ஒண்ணுஞ் சொல்லித் தரல நானு. அவ கட்டவெரலு தானாப் போயி அந்த ஒடுக்கத்துல ஒக்காந்துக்கிச்சு.